41 பெரிதா, 14 பெரிதா? ஓர் ஆராய்ச்சியாளரின் மேற்கோள் கணக்கைப் படிக்கும் விதம்

பினாங்கு கெலுகோரில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் மாமாக் கடையில் போன ஞாயிற்றுக்கிழமை ஓர் அண்ணனைச் சந்தித்தேன். முன்பு டாக்சி ஓட்டியவர், இப்போது கிராப் ஓட்டுகிறார். மகள் உளவியல் பட்டம் முடித்துவிட்டு மாஸ்டர்ஸுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறாள். தே தாரிக் வந்து சேர்வதற்குள் கைப்பேசியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"தம்பி, நீங்க நூலகத்துல வேலை பார்த்தவரு. இதைக் கொஞ்சம் பாருங்க. பிள்ளையைச் சேத்துக்கிறதா ரெண்டு பேராசிரியருங்க சொல்லியிருக்காங்க. ரெண்டு பேருமே மூளை ஆராய்ச்சிதான். ஒருத்தருக்கு 41னு போட்டிருக்கு. இன்னொருத்தருக்கு வெறும் 14. எஸ்பிஎம்ல எத்தனை ஏன்னு கேக்குற மாதிரிதானே இதுவும்? அப்ப 41 பக்கம்தானே போகணும்?"

திரையில் இருந்தது, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் பக்கம். வலது ஓரத்தில் ஒரு சிறு கட்டம், அதில் மூன்று வரி: மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ். அண்ணன் சொன்ன 41 நடுவரியில் இருந்தது. நூலகத்தில் இருந்த காலத்தில் இந்தக் கட்டத்தை விளக்கச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் ஏராளம். பாதிப் பேர் மாணவர்கள். மீதிப் பேர் பதவி உயர்வுப் படிவத்தோடு வந்த விரிவுரையாளர்கள். அன்றைக்கு அண்ணனிடம் சொன்னதையும் நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பேராசிரியர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அவர்கள் துறைக்கு அறிதிறன் நரம்பியல் என்று பெயர். நினைவு, கவனம், மொழி, முடிவெடுத்தல் இவையெல்லாம் மூளைக்குள் எங்கே, எப்படி நடக்கின்றன என்று தேடும் துறை. உளவியலுக்கு ஒரு கால், நரம்பியலுக்கு ஒரு கால். இவர்கள் அதிகம் நம்பும் கருவி எஃப்எம்ஆர்ஐ. மருத்துவமனையில் முதுகுவலிக்குப் படம் எடுக்கும் அதே எம்ஆர்ஐ இயந்திரம்தான். 1990இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, ரத்தத்தில் ஆக்சிஜன் கூடிக் குறைவதை இந்த இயந்திரத்தால் பிடிக்க முடியும் என்று காட்டினார். மூளையில் ஓர் இடம் வேலை செய்தால் அங்கே ரத்தம் கூடுதலாக ஓடிவரும். அந்த மாற்றத்தைப் படமாக்குகிறார்கள். நரம்பணு பேசுவதை இயந்திரம் நேரடியாகக் கேட்பதில்லை. எந்த வீட்டு வாசலில் கேஸ் தோங் (சிலிண்டர்) இறங்குகிறது என்று பார்த்து, அந்த வீட்டில் சமையல் பலமாக நடக்கிறது என்று ஊகிப்பது போலத்தான். ரத்த ஓட்டம் உச்சத்துக்கு வர ஐந்தாறு வினாடி ஆவதால் சேதி கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைக்கும்.

இயந்திரத்தில் ஒரு மணி நேரம் என்பது பணம். அதனால் ஓர் ஆய்வுக்கு இருபது முப்பது பேரைப் படமெடுத்து முடிப்பதே இந்தத் துறையில் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. ஆட்களைத் திரட்டி, படமெடுத்து, கணக்குப் போட்டு, எழுதி, இதழுக்கு அனுப்பி, திருத்தச் சொன்னதைத் திருத்தி, அச்சில் பார்க்க இரண்டு மூன்று ஆண்டு ஓடிவிடும். அப்படி வெளிவருவதுதான் ஒரு கட்டுரை. அந்தக் கட்டுரையை வேறொருவர் தம் கட்டுரையில் "இன்னார் இப்படிக் கண்டிருக்கிறார்" என்று குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். கட்டத்தில் இருக்கும் மூன்று வரிகளும் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவையே.

மேற்கோள் நமக்குப் புதிதா என்ன? தொல்காப்பியர் வரிக்கு வரி "என்மனார் புலவர்" என்று முன்னோரைச் சுட்டுகிறார். பெயர் சொல்லவில்லையே தவிர, இது நான் கண்டுபிடித்ததல்ல என்று ஒப்புக்கொள்கிறார். பின்னால் வந்த உரையாசிரியர்கள் பழம்பாட்டுகளை மேற்கோளாக எடுத்துப் போட்டார்கள். தகடூர் யாத்திரை என்ற நூல் இன்று முழுதாக இல்லை. உரைகளிலும் தொகைநூலிலும் எடுத்தாளப்பட்ட பாட்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

எடுத்தாளுவது பழையது என்றாலும் எண்ணுவது புதிது. யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1955இல் சயின்ஸ் இதழில் ஒரு யோசனையை எழுதினார். அமெரிக்க வழக்கறிஞர்களிடம் அப்போதே ஒரு வழக்குப் பட்டியல் இருந்தது. ஒரு பழைய தீர்ப்பை எடுத்தால், அதைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் சுட்டின, ஏற்றனவா மறுத்தனவா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அறிவியலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார் கார்ஃபீல்டு. 1964இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்த அவருடைய நிறுவனம் அறிவியல் மேற்கோள் அட்டவணையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதன் வாரிசு. ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கறிஞர் பட்டியலில் "ஏற்றார், மறுத்தார்" என்ற குறிப்பு இருந்தது. அறிவியல் அட்டவணையில் அது இல்லை. யார் யாரைச் சுட்டினார் என்பது மட்டுமே இருந்தது. பாராட்டிச் சுட்டினாலும் ஒன்று, திட்டிச் சுட்டினாலும் ஒன்று.

இப்போது அந்த 41. அண்ணனின் வீட்டில் அண்ணி தீபாவளிக்குப் பலகார ஆர்டர் எடுப்பார். அதையே எடுத்துக்கொண்டேன் (எண்கள் நான் கற்பனையாகப் போட்டவை, அண்ணி கோபித்துக்கொள்ள வேண்டாம்). முறுக்கு 60 பேர் கேட்டார்கள். அச்சு முறுக்கு 22. ஓமப்பொடி 9. நெய் உருண்டை 6. அதிரசம் 4. சிப்பி 2. அதிகம் கேட்டதிலிருந்து குறைவாகக் கேட்டது வரை வரிசையாக எழுதி, பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக்கொண்டே வாருங்கள். நாலாவது நெய் உருண்டை, 6 பேர் கேட்டார்கள். நாலுக்குக் குறையவில்லை, சரி. ஐந்தாவது அதிரசம், 4 பேர்தான் கேட்டார்கள். ஐந்துக்குப் போதவில்லை, நிறுத்துங்கள். அண்ணியின் எச்-இண்டெக்ஸ் 4. குறைந்தது 4 பலகாரத்தை ஒவ்வொன்றும் குறைந்தது 4 பேர் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். 41 என்றால் அந்தப் பேராசிரியரின் கட்டுரைகளில் 41 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 41 தடவையாவது சுட்டப்பட்டிருக்கின்றன. (மூன்றாவது வரியில் வரும் ஐ10 இதைவிட எளிது. பத்துக்குக் குறையாமல் சுட்டப்பட்ட கட்டுரைகள் எத்தனை என்று எண்ணுவது. கூகுள் தவிர வேறு யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.)

பலகாரக் கணக்கை இன்னும் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள். அடுத்த வருடம் முறுக்கை மட்டும் 600 பேர் கேட்டாலும் அண்ணியின் எண் 4தான், அசையாது. ஆனால் அதிரசத்தை இன்னும் ஒரே ஒருவர் கேட்டால் 5 ஆகிவிடும். ஒரே ஒரு கட்டுரையால் உலகப் புகழ் பெற்றவரையும், யாரும் சீண்டாத நூறு கட்டுரை எழுதியவரையும் இந்த எண் ஒதுக்கிவிட்டு, தொடர்ந்து ஓரளவு நன்றாக எழுதியவரை மேலே தூக்கும். ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் இதை முன்வைத்தது இந்தச் சமநிலைக்காகத்தான். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் இயற்பியல் துறையின் நிரந்தர வேலைக்குச் சுமார் 12, முழுப் பேராசிரியர் பதவிக்குச் சுமார் 18 என்று உத்தேச அளவும் சொன்னார். இயற்பியலுக்குச் சொன்ன அளவு அது. மற்றத் துறைக்காரர்கள் அந்த எச்சரிக்கையை வாங்கிக்கொள்ளவில்லை.

இந்த எண் ஏறும், இறங்காது. ஓய்வு பெற்றாலும் ஏறும், இறந்த பிறகும் ஏறும். அதனால் வயதைக் கேட்காமல் இதைப் படிக்கக் கூடாது. இரண்டு பக்கங்களையும் கீழே தள்ளி முதல் கட்டுரையின் வருடத்தைப் பார்த்தேன். 41காரர் எழுதத் தொடங்கி 28 ஆண்டு. 14காரர் 9 ஆண்டு. ஹிர்ஷே சொன்ன வழி, எண்ணை ஆண்டால் வகுப்பது. 41ஐ 28ஆல் வகுத்தால் 1.46. 14ஐ 9ஆல் வகுத்தால் 1.56.

அண்ணன் கைப்பேசியை வாங்கிக் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "அட, சின்னவரு முந்திட்டாரே!" என்றார்.

முந்திவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன். பக்கத்தில் வருகிறார், அவ்வளவுதான்.

எதற்காகச் சுட்டினார்கள்?

இந்தத் துறையில் அதிகம் சுட்டப்படுகிறவர்களில் ஒருவர் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த கார்ல் ஃபிரிஸ்டன். அவருடைய எச்-இண்டெக்ஸ் 250ஐத் தாண்டியது. இதில் பெரும்பங்கு எஸ்பிஎம் (நம் பள்ளிப் பரீட்சை அல்ல, பெயர் மட்டும் ஒன்று) என்ற கணக்கிடும் முறையும் மென்பொருளும் வாங்கித் தந்தது. எஃப்எம்ஆர்ஐ படத்தை வைத்துக்கொண்டு எந்த இடம் உண்மையிலேயே வேலை செய்தது என்று கணக்குப் போட உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். பயன்படுத்தும் ஒவ்வொருவரும் "இந்தக் கருவியால் செய்தேன்" என்று சுட்ட வேண்டும். முறுக்கு விற்பவரைவிட முறுக்கு உரல் செய்பவர் பெயர் அதிக வீட்டில் இருக்கும் அல்லவா, அப்படி. எல்லா அறிவியலுக்கும் சேர்த்து 2014இல் நேச்சர் இதழ் பட்டியல் எடுத்தபோது முதலிடத்தில் இருந்ததும் ஒரு செய்முறைக் கட்டுரைதான். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் வழியைச் சொல்லும் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை, அப்போதே 3 லட்சம் தடவைக்கு மேல் சுட்டப்பட்டிருந்தது. பெரிய எண்ணைப் பார்த்ததும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இவர் உரல் செய்தாரா, முறுக்குச் சுட்டாரா? உரல் செய்வதைக் குறைத்துச் சொல்லவில்லை. உரல் இல்லாமல் தீபாவளி ஏது? இரண்டும் வேறு வேலை என்கிறேன்.

கண்டுபிடிப்பால் சுட்டப்பட்டதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், ஒரே ஒரு மனிதரைப் பற்றியது. 1953இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக ஓர் இளைஞருக்கு மூளை அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 27. இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் பெரும் பங்கை எடுத்தார்கள். கடல்குதிரை வடிவில் இருப்பதால் கிரேக்க மொழியில் அந்தப் பெயர். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. இப்போது பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புதியவர்தான். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைப் பொறுமையாகச் சோதித்தார். 1957இல் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். பிறகு கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தபோது, அந்த மனிதர் நாளுக்கு நாள் தேறினார். முந்தைய நாள் வரைந்தது மட்டும் அவருக்கு ஞாபகமே இல்லை. கை கற்றுக்கொள்வதும் மனம் நினைவு வைப்பதும் வேறு வேறு இடங்களில் நடக்கின்றன என்பது அப்படித்தான் புலப்பட்டது. அந்தக் கட்டுரையை இன்றும் சுட்டுகிறார்கள். அதில் வந்த பத்து நோயாளிகளில் பெரும்பாலும் பேசப்படுவது இவர் ஒருவர்தான். எண்ணிக்கைப் பைத்தியம் பிடித்த இன்றைய குழு ஒன்றிடம் கொடுத்திருந்தால், "மாதிரி போதாது" என்று திருப்பி அனுப்பியிருக்குமோ என்னவோ.

அண்ணனுக்காக இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் வாங்கச் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். எலினோர் மக்வையரும் அவர் குழுவும் அவர்களில் 16 பேரின் மூளையைப் படமெடுத்து 2000இல் வெளியிட்டார்கள். ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அதிக வருடம் ஓட்டியவருக்கு இன்னும் பெரிது. பத்திரிகைகள் கொண்டாடின, மேற்கோள் ஆயிரக்கணக்கில் குவிந்தது. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. தெருவைப் படித்ததால் அந்தப் பகுதி வளர்ந்ததா, அந்தப் பகுதி பெரிதாக இருந்தவர்கள்தான் டாக்சி வேலையில் நிலைத்தார்களா? அதே மக்வையர் பயிற்சியில் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலும், அவர்களில் பலரை முடிவிலும் படமெடுத்தார். 39 பேர் தேறினார்கள். தேறியவர்களுக்குத்தான் அந்த வளர்ச்சி தெரிந்தது. 2011இல் வந்த இந்த இரண்டாவது கட்டுரையே கடினமான வேலை. மேற்கோளிலோ முதல் கட்டுரை வெகுதூரம் முன்னே நிற்கிறது. கதை சொன்னவருக்குக் கைதட்டல், கணக்கைச் சரிபார்த்தவருக்குத் தலையசைப்பு. இரண்டும் ஒரே ஆளாக இருந்ததால் இங்கே யாருக்கும் நட்டமில்லை.

அதிகம் சுட்டினால் சரியாக இருக்குமா?

2009இல் ஓர் ஆராய்ச்சிக் குழு செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை எஃப்எம்ஆர்ஐ இயந்திரத்தில் வைத்தது. மனிதர்கள் பிறரோடு பழகும் படங்களை அதற்குக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று சொல் எனக் கேட்டது. சௌராஸ்தா மார்க்கெட்டில் யாரிடமாவது இதைச் சொன்னால் உங்களைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஆனால் படத்தில் மீனின் மூளையில் சிவப்புப் புள்ளி வந்தது. காரணம் எளிது. மூளையை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால், சும்மாவே சில கட்டங்கள் 'வேலை செய்வது' போலத் தெரியும். அதற்கான திருத்தக் கணக்கைப் போட்டதும் புள்ளி மறைந்தது. திருத்தம் போடாமல் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அந்த மீன் பதில் சொன்னது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் 2012இல் இதற்குக் கிடைத்தது.

திருத்தம் போட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2016இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் எக்லுண்டும் மற்றவர்களும், சும்மா படுத்திருந்தவர்களின் படங்களை எஸ்பிஎம் உட்பட மூன்று பிரபல மென்பொருள்களில் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே கண்டுபிடிக்க எதுவுமே இல்லை. தவறான கண்டுபிடிப்பு நூற்றுக்கு 5தான் வர வேண்டும். சில அமைப்புகளில் 70 வரை வந்தது. 2020இல் 70 குழுக்களிடம் ஒரே படத்தொகுப்பைக் கொடுத்து ஒரே 9 கேள்விகளைக் கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை, சில கேள்விகளுக்கு விடையும் ஒத்துப்போகவில்லை. இதற்கெல்லாம் முன்னால், கேள்வி கேட்காமல் சுட்டப்பட்ட கட்டுரைகள் எத்தனையோ. அந்த மேற்கோள்கள் யாருடைய எண்ணிலிருந்தும் கழிக்கப்படவில்லை.

இதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட புரதத் திரள்தான் எலிகளின் நினைவைக் கெடுக்கிறது என்று சொன்ன அல்சைமர் கட்டுரை ஒன்று 2006இல் நேச்சரில் வந்தது. 2,000 தடவைக்கு மேல் சுட்டப்பட்டது. படங்களில் கைவைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் 2022இல் பகிரங்கமாக எழுந்து, 2024இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 18 ஆண்டு! அதற்குள் அதை நம்பிச் செலவான பணத்தையும், முனைவர் பட்ட மாணவர்களின் இளமையையும் யார் கணக்குப் பார்ப்பது? திரும்பப் பெற்ற கட்டுரைக்கு வந்த மேற்கோள்கள் அட்டவணையில் அப்படியேதான் நிற்கின்றன.

மொய் நோட்டு

நம் கல்யாணங்களில் மொய் எழுதுவார்கள். இன்னார் 50 ரிங்கிட், இன்னார் 100 ரிங்கிட். நாளை அவர் வீட்டுக் கல்யாணத்தில் நோட்டைப் புரட்டிப் பார்த்து அதே அளவு திருப்பி வைப்போம். மேற்கோளிலும் மொய் உண்டு. நீ என்னைச் சுட்டு, நான் உன்னைச் சுட்டுகிறேன் என்று பேசிவைத்துக்கொண்ட கூட்டங்கள் பிடிபட்டிருக்கின்றன. தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிக்கொள்வதும் நடக்கிறது. தன்னையே சுட்டுவது எப்போதும் தவறில்லை. முந்தைய ஆய்வின் தொடர்ச்சி என்றால் சுட்டித்தான் ஆக வேண்டும். மொத்தத்தில் பாதிக்கு மேல் அதுவாக இருந்தால் நான் முகம் சுளிப்பேன்.

எண் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கூகுள் ஸ்காலர் வலைபோட்டு அள்ளுவது போல. ஆய்வேடு, மாநாட்டுத் தாள், எந்த மொழி என்றாலும் வந்து விழும், குப்பையும் சேர்ந்து விழும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எண்ணுகின்றன. அதனால் ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று எண், பெரும்பாலும் கூகுளில்தான் கூடுதல். இதை அறியாமல் ஒருவரின் கூகுள் எண்ணையும் இன்னொருவரின் ஸ்கோபஸ் எண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிட்ட படிவங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தேர்ந்தெடுப்பதில் தமிழுக்கு விழும் அடியையும் சொல்ல வேண்டும். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டிய தனிநாயகம் அடிகள், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்தவர். அவர் தொடங்கி வைத்த வேலையைச் சுட்டிய தமிழ் ஆய்வேடுகளும் மாநாட்டு மலர்களும் நூலக அலமாரியில்தான் இருக்கின்றன, அட்டவணையில் பெரும்பாலும் இல்லை. அவருக்கு இன்று எச்-இண்டெக்ஸ் கணக்கிட்டால் வரும் எண்ணைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. மலாய், ஆங்கில உள்ளூர் இதழ்களின் மேற்கோள்களைத் திரட்ட மலேசியாவுக்கென்று மைசைட் இருக்கிறது. பதவி உயர்வு மேசையில் அதற்கு ஸ்கோபஸின் மரியாதை கிடைப்பதை நான் கண்டதில்லை.

துறையின் கூட்டமும் ஒரு கணக்கு. கணிதத்தில் சுட்டுவது குறைவு, மருத்துவ உயிரியலில் மிக அதிகம். அறிதிறன் நரம்பியலுக்குள்ளேயே நினைவு பற்றி எழுதினால் உலகம் முழுக்க வாசகர் உண்டு. அந்த 14காரர் எழுதுவது, வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இரண்டு மொழி, இரண்டு விதமான எழுத்து என்று வளரும் பிள்ளைகள் வாசிக்கக் கற்றுக்கொள்வது பற்றி. பினாங்கில் அது தெருவுக்குத் தெரு இருக்கும் விஷயம். உலகத்தில் அதைப் படிக்கும் ஆய்வாளர்கள் குறைவு. இந்த வேறுபாட்டைச் சரிக்கட்ட ஸ்கோபஸில் ஒரு வழி உண்டு. ஒரே துறை, ஒரே ஆண்டு, ஒரே வகைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு உலகச் சராசரியை 1 என்று வைப்பார்கள். 1.5 என்றால் சராசரியைவிட 50 விழுக்காடு கூடுதல். ஒற்றை எண் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டுமென்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

இதழ்த் தாக்க எண் என்று ஒன்றையும் காதில் போடுவார்கள். அது இதழுக்குரியது, ஆளுக்குரியதல்ல. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு எத்தனை தடவை சுட்டப்பட்டன என்பதன் சராசரி. பெரிய பள்ளியில் படித்தான் என்பதற்காக எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினான் என்று ஆகாது.

நம் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் "உலகின் முதல் 2 விழுக்காடு விஞ்ஞானிகள்" என்று பதாகை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜான் இயோனிடிஸ் குழு 2019 முதல் வெளியிடும் பட்டியல் அது. தன்னைத்தானே சுட்டியதைக் கழித்தும் காட்டுவது, கட்டுரையில் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று பார்ப்பது எல்லாம் அதில் உண்டு. பதாகையில் அந்த விவரம் எதுவும் ஏறுவதில்லை. எச்-இண்டெக்ஸைத் தந்த ஹிர்ஷே 2020இல், தன் எண் சில நேரம் மோசமாகத் தோற்கிறது, நினைத்திராத தீங்கும் செய்கிறது என்று எழுதிவிட்டார். இதழ் எண்ணை வைத்து ஆளை எடைபோட வேண்டாம் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ அறிக்கை 2013 முதல் இருக்கிறது, உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. கையெழுத்துப் போட்ட பிறகும் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்பது நான் பார்த்த நடைமுறை.

தேநீர் ஆறிவிட்டது. இன்னொன்று சொல்லிவிட்டு, அண்ணனிடம் பெயர் வரிசையைக் காட்டினேன். இந்தத் துறையில் கட்டுரையின் முதல் பெயர், பெரும்பாலான வேலையைச் செய்தவருடையது. கடைசிப் பெயர், ஆய்வகத் தலைவருடையது. நடுவில் இருப்பவர்கள் உதவியவர்கள். 41காரரின் அண்மைக் கட்டுரைகளைத் திறந்தோம். பல நாடுகள் சேர்ந்து செய்த பெரிய ஆய்வுகள், நூறு பெயருக்கு நடுவில் அவர் பெயர். தலைவராகக் கடைசியில் நின்ற கட்டுரைகளும் இருந்தன, நான்கைந்து வருடம் பழையவை. 14காரரின் அண்மைக் கட்டுரைகள் ஏழெட்டுத்தான். ஒவ்வொன்றிலும் கடைசியில் அவர், முதலில் வேறு வேறு பெயர். தேடிப் பார்த்தால் எல்லோரும் அவரிடம் படித்த மாணவர்கள். அண்ணன் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். ஒரு மலாய்ப் பெயர், ஒரு சீனப் பெயர், நம் பிள்ளைகள் பெயர் இரண்டு.

"அப்ப சின்னவருகிட்டயே போகச் சொல்லவா?"

"நான் சொல்ல மாட்டேன் அண்ணே. பெரியவர்கிட்ட இயந்திரம் இருக்கு, ஆள் பழக்கம் இருக்கு, வெளிநாட்டுக்குப் போக வழி இருக்கு. பிள்ளையை ரெண்டு இடத்துலயும் போய் அங்க இப்பப் படிக்கிற மாணவர்ங்ககிட்ட ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. ரெண்டு பேரோட கட்டுரையிலயும் ஒண்ணு ஒண்ணு முழுசாப் படிக்கச் சொல்லுங்க. எது தூக்கம் வராமப் படிக்க முடியுதோ, அதையும் கணக்குல சேத்துக்கட்டும்."

அவர் தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த லண்டன் டாக்சிக்காரங்க 16 பேரு இருந்தாங்களே தம்பி, அவங்க பேரு அந்தக் கட்டுரையில எங்க இருக்கு? முன்னாலயா, பின்னாலயா?"

எங்கேயும் இல்லை என்றேன். படுத்துக் கிடந்து மூளையைக் காட்டியவர்களின் பெயரைப் போட மாட்டார்கள், அது அவர்களைக் காப்பதற்காக. அந்த நினைவிழந்த மனிதரும் சாகும்வரை வெறும் எச்.எம். என்ற இரண்டு எழுத்துதான். ஹென்றி மொலைசன் என்ற பெயர் 2008இல் அவர் இறந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

"அப்படியா," என்று எழுந்து தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். பாயான் பாருவுக்கு ஒரு சவாரி வந்திருந்தது. வண்டியில் ஏறி, வழிகாட்டும் வேஸ் செயலியைத் தட்டிவிட்டு, கண்ணாடியை இறக்கினார். "இதைப் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டுறேன். எனக்கு அந்தக் கடல்குதிரை இந்நேரம் கச்சான் அளவுக்குச் சுருங்கியிருக்கும்!"